வேண்டாவின் ஈர்க்குச்சி

வேண்டாவுக்கு அந்தப் பெயர் வந்த கதை திருக்கழுக்குன்றம் பக்கத்தில் அவள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குப் புரியட்டுமே என வைத்த பெயர். சாமிக்குப் புரியவில்லை. ஐந்தாவதும் பெண்தான். அதற்குச் சுஜாதா என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் மேல் வேண்டாவுக்கு இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

செங்கல்பட்டு பைபாஸ் ஓரத்தில் தகடு அமுக்கும் ஒரு பிரஸ் கம்பெனியில் அவளுக்குப் பதினோரு வருட சர்வீஸ். மேனேஜர் ஹரிகிருஷ்ணன் மரியாதை தெரிந்தவர். வேலை செய்யும் பெண்களைப் பெயரோடு 'அம்மா' சேர்த்துத்தான் கூப்பிடுவார். ரேணுகாம்மா என்றால் ரேணுகா வருவாள், யாருக்கும் தொந்தரவில்லை. "வேண்டாம்மா!" என்று குரல் கொடுத்தால்தான் வம்பு. ஷெட்டில் அவனவன் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு முழிப்பான். ஒருமுறை கிரேனில் தொங்கிய தகட்டுச் சுருள் பத்து நிமிடம் அந்தரத்தில் நின்றது.

அங்கே வண்டி ஃபில்டருக்கு எஃகு கப் செய்கிறார்கள். ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தகட்டை அமுக்கி முதலில் அறுபது மில்லிமீட்டர் உயரக் கப்பாக இழுப்பார்கள். பிறகு அயர்னிங். கப்பைவிடக் கொஞ்சம் இடுக்கான ஒரு வளையத்துக்குள் அதைத் தண்டு வைத்துத் தள்ளினால் சுவர் நசுங்கி மெலியும், கப் உயரும், அடிப்பாகம் மட்டும் பழைய கனத்திலேயே இருக்கும். சுவர் பாயிண்ட் எட்டுக்கு வர வேண்டும். பாயிண்ட் பூஜ்யம் இரண்டு கூடலாம், குறையலாம். அதைத் தாண்டினால் கழிவு.

அளப்பதற்கு மைக்ரோமீட்டர் உண்டு. ஆனால் அது ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து ஹரிகிருஷ்ணன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வெளியே வரும், பொட்டு வைத்துக்கொள்ளும், சுண்டல் வாசனை பிடித்துவிட்டு உள்ளே போய்விடும்.

வேண்டா பத்தாவதுவரை படித்தவள். கணக்கு வரும். எஃகு எங்கேயும் ஓடிப்போவதில்லை, மெலிந்ததெல்லாம் உயரத்தில்தானே வர வேண்டும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. உயரம் அறுபது, கனம் ஒன்று புள்ளி இரண்டு, பெருக்கினால் எழுபத்திரண்டு. வெளியே வரும் கப்பின் உயரத்தால் அதை வகுத்தால் சுவரின் கனம். தொண்ணூறு உயரம் வந்தால் பாயிண்ட் எட்டு. உடனே துடைப்பத்திலிருந்து நல்ல ஈர்க்குச்சி ஒன்றை உருவி, தொண்ணூறில் பிளேடால் ஒரு கீறல், மில்லிமீட்டருக்கு ஒன்றாக மேலே இரண்டு கீழே இரண்டு குட்டிக் கீறல் போட்டாள். கப்புக்குள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சுவர் ஒரு தலைமயிர் அளவு மெலிந்தால் கப் அரை விரல் உயர்ந்துவிடும், கண்ணாடி போடாமலே தெரியும். மூன்று வருடமாக அந்தக் குச்சி அவள் கொண்டையில்தான் இருந்தது.

போன மாதம் கப் வாங்கும் கம்பெனியிலிருந்து தரம் சோதிக்க பார்த்தசாரதி என்ற ஆடிட்டர் வந்தார். சிரித்தால் உத்தியோகம் போய்விடும் என்கிற மாதிரி முகம். நேரே வேண்டாவிடம் வந்து நின்றார்.

"சுவர் கனத்தை எப்படிச் செக் பண்றீங்க?"

வேண்டாவுக்குச் சட்டென்று பொய் வராது. கொண்டையிலிருந்து குச்சியை உருவினாள். ஹரிகிருஷ்ணனுக்கு உயிர் போய் வந்தது.

"இன்னாது இது?" என்று கேட்பார் என அவள் எதிர்பார்த்தாள். அவரோ, "ஒரு பக்கம் தடிமனாவும் ஒரு பக்கம் மெலிசாவும் இருந்தா இது எப்படிக் காட்டும்?" என்றார்.

"வாய் கோணிக்கினு வரும் சார். மெலிசு பக்கம் தூக்கிக்கினு நிக்கும். நாலு பக்கமும் குச்சி வுட்டுப் பாப்பேன்."

ஆடிட்டர் ஏதோ எழுதிக்கொண்டார். "சரி, இப்ப அளங்க."

வேண்டா குச்சியை விட்டாள். கப்பின் வாய், கீறல்களையெல்லாம் தாண்டி இன்னும் இரண்டு கீறல் தூரத்தில் நின்றது, தொண்ணூற்று நாலு. இன்னொரு கப் எடுத்தாள். அதுவும் தொண்ணூற்று நாலு. மனசுக்குள் வகுத்தாள்.

"பாயிண்ட் எழுவத்தாறரை சார். மெல்லிசா கீது."

"குச்சி பேச்சையெல்லாம் கேக்காதீங்க சார்!" என்று ஹரிகிருஷ்ணன் ஓடிப்போய் பீரோவைத் திறந்து மைக்ரோமீட்டரைக் குழந்தை மாதிரி ஏந்திவந்தார். அளந்தார். "பாயிண்ட் எண்பத்து மூணு! பாத்தீங்களா, குச்சி பொய் சொல்லுது," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மூன்று விநாடி இருந்தது. எண்பத்திரண்டைத் தாண்டினாலும் கழிவுதான் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"குச்சிப்படி மெலிசு, கருவிப்படி தடிமன்," என்றார் பார்த்தசாரதி. "எப்படிப் பாத்தாலும் ரிஜெக்ட்."

ஹரிகிருஷ்ணன் பதறிப்போய், வளையத்தைக் கழற்றச் சொல்லி ஆள் விட்டார். வேண்டா மட்டும் நின்ற இடத்திலேயே யோசித்தாள். குச்சி இனிச் சுருங்க வழியில்லை. அது மரத்தை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. வளையமும் நேற்றைய வளையம்தான். மாறியது ஒன்றே ஒன்று. காலையில் புதுத் தகட்டுச் சுருள் போட்டார்கள்.

பத்து கப்பை முந்தானையில் அள்ளிக்கொண்டு பேக்கிங் தராசுக்கு நடந்தாள்.

"எங்க போறீங்க? வேண்டாம்மா!" என்று ஹரிகிருஷ்ணன் கத்தினார். வளையத்தைக் கழற்றப் போன ஆள், நல்லவேளை, அப்படியே நின்றுவிட்டான்.

தராசு ஒரு கிலோ இருநூற்றைம்பது காட்டியது.

"தெனம் பத்து கப்பு ஒண்ணே இருநூறுதான் சார் வரும். இன்னிக்கு அம்பது கிராம் சாஸ்தி. தகடு ஒண்ணேகாலு மில்லி வந்துகீது. அறுவத ஒண்ணேகாலால பெருக்கு, எழுவத்தஞ்சு. தொண்ணூத்தி நாலால வகுத்துக்கோ."

ஆடிட்டர் செல்போனில் வகுத்துப் பார்த்தார். பாயிண்ட் ஏழு ஒன்பது எட்டு. அவர் புருவம் முதல்முறையாக மேலே போனது.

"அப்ப கருவி ஏன் எண்பத்து மூணு காட்டுது?"

"குடு சார்," என்று வேண்டா மைக்ரோமீட்டரை வாங்கி, நடுவில் எதுவும் வைக்காமல் மூடினாள். "ஒண்ணுமே இல்லாதப்பவும் மூணு காட்டுது பாரு."

பார்த்தசாரதி கருவியின் வாயை விரலால் துடைத்தார். விரல் சிவந்தது.

"குங்குமமா?"

"ஆயுத பூஜை சார்," என்றார் ஹரிகிருஷ்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

துடைத்துவிட்டு அளந்தபோது சரியாகப் பாயிண்ட் எட்டு. கப் எல்லாம் பாஸாயிற்று. கனம் கூடின சுருள் வந்த வழியே திரும்பிப் போயிற்று. ஈர்க்குச்சிக்குப் பதிலாக எஃகில் அளவுகோல் செய்யவும், வாரம் ஒருமுறை தகட்டை எடை போடவும் ஆடிட்டர் எழுதிக்கொடுத்தார். கிளம்பும்போது, "உங்க ஆளுகள்ல கணக்குத் தெரிஞ்சது இவங்களுக்குத்தான்," என்று வேறு சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே வேண்டாவுக்கு லைன் இன்ஸ்பெக்டர் என்று உத்தரவு வந்தது, கூடவே நீலக் கோட்டும். முன்னால் இருந்தவர் ஆறடி. கோட்டு அவளுக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது.

வீட்டுக்காரன் கண்ணாயிரம் மாமல்லபுரம் புதுப்பட்டினம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் சொன்னதில் முதல் வார்த்தையை விட்டுவிட்டான். பெண்டாட்டி இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள் என்று மறுநாள் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டான். பேரம் பேசுகிற பயணிகளே குறைந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் புதுப்பட்டினம் போக, வேண்டா ஸ்டாண்டுக்கு வந்தாள். டிரைவர் ஏசுதாஸ் பீடியைக் கீழே போட்டு மிதித்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

"இன்னா அண்ணாத்த இது?"

"மேடம், என் லைசென்ஸ் ஸ்டேஷன்ல மாட்டிக்கினு கீது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"ஐயோ, நான் கப்பு இன்ஸ்பெக்டர் அண்ணாத்த!"

ஏசுதாஸ் சல்யூட் வைத்த கையை இறக்கவில்லை.

"எந்த டிபார்ட்மெண்டா இருந்தா இன்னா மேடம்? எல்லாம் கெவுர்மெண்டுதானே. ஒரு போன் பண்ணுங்களேன்."

வேண்டா திரும்பிக் கண்ணாயிரத்தைப் பார்த்தாள். அவன் ஆளே இல்லாத ரோட்டைப் பார்த்து, "கல்பாக்கம், புதுப்பட்டினம், ஏறு ஏறு" என்று கூவிக்கொண்டிருந்தான்.