தோளுக்கு ஏற்ற தோட்டா

போன வருடம் கோடைகாலம் முழுவதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோற்றுக்கும் கறிக்கும் நடுவில் இலக்கங்கள்தான் கிடந்தன. முந்நூற்றெட்டு, இருநூற்றெழுபது, முப்பது சைபர் ஆறு. எல்லாம் மான் சுடுகிற துவக்குக்குப் போடும் தோட்டாக்களின் பெயர்கள். என் கணவரும் மருமகனும் இரண்டு பக்கமும் இருந்து, எது நல்லது எது திறம் என்று பேசிப் பேசிக் குழம்பை ஆறவிடுவார்கள். ஆறியதைச் சூடாக்கிக் கொண்டுவருவது நான்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். கடல் கடந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து காசு கொடுத்துத் துவக்கு வாங்கினோம் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கணவர் ஒஷாவா நகரத்தில் கார்ச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் இவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். அந்த மனிதர் வயதுபோய் வேட்டையை விட்டபோது தன் துவக்கை இவருக்கே விற்றார். அதுதான் முப்பது சைபர் ஆறு. பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, வருடம் தவறாமல் நவம்பரில் ஒரு கிழமை வடக்கே காட்டில் போய்த் தங்குவார். மகளைக் கட்டிய பிறகு மருமகனும் சேர்ந்துகொண்டார். ரூஜ் என்ற இடத்தில் மகள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். துவக்குகள் மேலே மருமகனின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்.

சண்டை எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்திய நவம்பரில் இவர் சுட்ட மான் விழவில்லை. காயத்தோடு ஓடிவிட்டது. இருட்டும்வரை இரண்டு பேரும் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் நடந்தார்களாம். பிறகு மழை பிடித்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சீவனை அரைகுறையாக வதைத்துவிட்டேனே என்று ஒருமுறை சொன்னார். மூன்றாம் நாள் காரணம் கண்டுபிடித்துவிட்டார். தோட்டாவின் பலம் போதாதாம். பலமான தோட்டாவும் அதற்கேற்ற துவக்கும் எடுத்திருந்தால் மான் நின்ற இடத்திலேயே விழுந்திருக்குமாம்.

அன்றிலிருந்து பிடித்த சனியன்தான். பனிக்காலம் முழுக்க ரெலிபோனில் வீடியோ பார்த்தார். மருமகன் முந்நூற்றெட்டு என்றால், எந்தக் கடையிலும் அதற்குத் தோட்டா கிடைக்கும் என்றால், இவர் இருநூற்றெழுபது தூரத்துக்கு நேராகப் போகும் என்பார். மருமகன் அதற்கு ஒத்துவந்தால் இவர் அதைவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவார். கடைசியில் முந்நூறு மக்னம் என்று ஒன்றில் வந்து நின்றார். அது யானைக்கா மானுக்கா என்று என் மகள் கேட்டாள். இவர் அவளுடன் அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

எனக்கு உண்மை தெரியும். ஜூலை மாதம், சுட்டுப் பழகும் இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். காதுக்கு மூடி போட்டுக்கொண்டு பின்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். மருமகன் தூரத்துப் பலகையைக் கண்ணாடிக் குழலால் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் சுட்டார், சுட்டார், பிறகு விசையை இழுத்தார். உள்ளே தோட்டா முடிந்துபோயிருந்தது. துவக்கு வெடிக்கவில்லை. ஆனால் வெடித்ததுபோல இவருடைய தோள் துள்ளியது, துவக்கு நுனி கீழே குத்தியது, கண் இரண்டும் இறுக மூடிக்கிடந்தன. கண்டது நான் மட்டும்தான். அன்று பின்னேரம் எண்ணெய் பூசும்போது பார்த்தேன், தோள்மூட்டுப் பக்கம் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. சுடும்போது துவக்கு பின்னால் உதைக்கிற உதையைத் தாங்கமாட்டாத தோள். அந்த உதைக்குப் பயந்து முதலே துள்ளுகிறது. அதனால்தான் மான் காயத்தோடு ஓடியது. இதற்குப் போய் இன்னும் கூட உதைக்கிற துவக்கை வாங்கினால் என்ன நடக்கும்?

ஒரு நாள் தனியாக இருக்கும்போது சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, தோட்டாவிலை ஒரு பிழையுமில்லை. வெடிக்க முந்தியே நீங்கள் துள்ளுறியள்."

"நீர் துவக்குப் பிடிச்ச ஆளோ? போய்ப் புட்டை அவியும்."

அவித்தேன். அன்றைக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்துத்தான் போட்டேன்.

மருமகனிடம் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்குள் அப்படி இல்லை. மாமியார் மருமகனோடு அளந்துதான் கதைப்பாள். வேண்டியதை மகளிடம் சொன்னால் அது அவரிடம் போய்ச் சேரும். அதைவிட, கட்டியவனை மருமகன் முன்னால் இறக்கிக் கதைப்பது என் வாயால் வராது. மகளிடம் சொன்னால் விளக்கு வைப்பதற்கு முன் மருமகனுக்குத் தெரிந்துவிடும். பிறகு காட்டில் இவர் வேட்டைக்காரர் இல்லை, பாவம் மாமா. தேத்தண்ணிப் போத்தலோடு வாகனத்தில் இருத்தி வைப்பார்கள். அது தெரிந்தால் இந்த மனிதர் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார். சோபாவிலிருந்து எழும்பவும் மாட்டார். சொல்லாவிட்டாலோ இன்னொரு மான் காயத்தோடு ஓடும், தோளும் போகும். இரண்டு மாதம் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை துவக்குக் கடைக்கு வெளிக்கிட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். அங்கே சீலை விற்பதில்லை என்றார் இவர். பரவாயில்லை என்று சப்பாத்தை மாட்டினேன்.

ஒஷாவாவுக்கு அங்கால் இருக்கும் கடை. தாடி வைத்த, எங்கள் வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர் லைசென்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, கண்ணாடி மேசையில் நாலு தோட்டாக்களை நிமிர்த்தி வைத்தார். நான் அதிகம் படிக்காதவள். ஆனால் இலக்கம் எந்த ஊரிலும் இலக்கம்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே பித்தளைக் கோது. ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்றுக்குக் கழுத்து ஒடுக்கம். நுனியில் பாய்ந்துபோக இருக்கும் சன்னத்தின் பருமனில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் என் நகத்தின் தடிப்புத்தான் வித்தியாசம். இதற்கா ஒரு கோடைகாலம் முழுக்க என் குழம்பு ஆறியது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் ஆகப் பெரியதைத் தொட்டுக் காட்டினார். மருமகன் மெதுவாக, மானுக்கு அது கூடிப்போச்சு மாமா என்றார். குறைந்துபோவதைவிடக் கூடிப்போவது நல்லது என்றார் இவர். கடைக்காரர் துவக்கை எடுக்கத் திரும்பினார்.

நான் வாழ்க்கையில் முதல்முறையாக மருமகனை நேரே பார்த்துக் கேட்டேன்.

"தம்பி, உந்தக் கடைக்காரரிட்டை ஒண்டு கேளுங்கோ. நான் சுடுறதெண்டால் எது தோளிலை ஆகக் குறைய உதைக்கும் எண்டு."

"நீங்களோ மாமி?"

"ஓம், நான்தான். வயது போன தோள். இடி தாங்காது."

"உவவுக்கு விசர்," என்றார் என் கணவர்.

மருமகன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். கடைக்காரர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பெரியதை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, ஏழு மில்லிமீற்றர் சைபர் எட்டு என்ற ஒன்றை முன்னுக்குத் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல மருமகன் தமிழில் சொன்னார். இது முந்நூற்றெட்டின் அதே கோதுதானாம், கழுத்தை மட்டும் ஒடுக்கியிருக்காம். உதை குறைவாம். காட்டுக்குள்ளே சுடுகிற தூரத்துக்கு இந்த நாலில் எது பட்டதென்று மானுக்குத் தெரியாதாம். தன்னிடம் வருகிற ஆம்பிளைகளில் பாதிப் பேர் தேவைக்கு மேல் பெரியதை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறார்களாம்.

கடைசிச் சொல்லுக்கு வரும்போது மருமகனின் குரல் தணிந்துவிட்டது. என் கணவர் கண்ணாடிக்குக் கீழே இருந்த கத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் அதற்கான துவக்கை என் கையில் தந்தார். பின்பக்கம் தடித்த றப்பர் வைத்திருந்தது. நான் அதை விறகுக் கட்டை மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொண்டாரும். பிழையாப் பிடிக்கிறீர்," என்று இவர் அதை வாங்கித் தன் தோளில் வைத்தார். உடனே எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக் குறி வைத்தபடி கனநேரம் நின்றார்.

"சரி. உம்மடை ஆசைக்கு இதையே எடுப்பம்."

நவம்பரில் ஒரே வெடி. மான் பத்து அடிகூடப் போகவில்லை என்று மருமகன்தான் மகளிடம் சொன்னார். நான் இறைச்சியைப் பங்கு பிரித்து, உறவுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினேன். வாங்க வந்த எல்லோரிடமும் இவர் ஒரே கதையைத்தான் சொன்னார். மனுசி ஆசைப்பட்டு வாங்கின துவக்கு, பொம்பிளையளுக்கான தோட்டா, நான் அதை வைச்சே விழுத்திப்போட்டன் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்ரி, உங்களுக்கு இந்த வயதில் துவக்கு ஆசையோ என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றேன்.

வேறு என்ன சொல்ல? இவர் இன்றுவரை அதைப்பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். எதிர்பார்த்தேன். தனியாக இருக்கும்போதாவது, விளக்கை நிற்பாட்டிய பிறகாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மருமகன் அன்றே எல்லாம் விளங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட அந்த அடக்கம் இருக்குமோ தெரியாது.

இந்த வருடம் பனி கரைவதற்கு முன்பே மேசையில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். அதே ஏழு மில்லிமீற்றருக்கு நூற்றிருபது கிரெயின் நிறையுள்ள சன்னம் நல்லதா, நூற்று நாற்பது நல்லதா என்று. நான் என் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டேன். குழம்பு ஆறினால் அவர்களே சூடாக்கட்டும்.