பொய் சொல்லும் பனி

லுபோஷ் சுண்டுவிரலை மடக்கினார் என்றால் பீர்க்கடையில் அவருடைய மேசைக்காரர்கள் இன்னொரு கோப்பைக்குச் சொல்லிவிடுவார்கள். தங்கை பிளாங்கா வென்றவற்றின் பட்டியல் ஆரம்பமாகிறது என்று அர்த்தம். முதலாவது, ரோல்பாவின் சாவி. ஐஸ் ஹாக்கி ஆடும் பனித்தளத்தைச் சீவி, வெந்நீர் பூசி, மறுபடி மழமழப்பாக்கும் பெரிய வண்டி அது. பெண்பிள்ளை ஓட்டினால் சுற்றுப் பலகையெல்லாம் பெயர்ந்துவிடும் என்று அரங்கமே சொல்லிக்கொண்டிருந்தபோது, 1998 நவம்பரில் அவள் அந்தச் சாவியை வாங்கினாள். அடுத்தது மிதிகட்டை. அவளுக்குக் கால் எட்டவில்லை. டிராம் பணிமனையில் வேலை பார்த்த லுபோஷே ஓக் கட்டை ஒன்றை இழைத்து, நாலு போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். (நாலு போல்ட், மூன்று இல்லை, யாராவது மாற்றிச் சொன்னால் திருத்துவார்.) அப்புறம் பெண்கள் அணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். அப்புறம், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஓர் உடைமாற்றும் அறை. அந்தத் தாழ்ப்பாளை வாங்க அவளுக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

ப்ராக் நகரில் பெரிய அரங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பிளாங்காவின் அரங்கம் டிராம் திரும்பும் வளையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆயிரத்து நானூறு இருக்கை, தகரக் கூரை. காலை ஐந்தேகாலுக்குக் கதவைத் திறப்பாள். விளக்கைப் போடுவதற்கு முன்பே பனியின் மேல் இறங்கி நடப்பாள். பத்தடிக்கு ஒரு தரம் நின்று குதிகாலால் ஒரு தட்டு. சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்த பத்தடி.

பனிக்கு அவள் வைத்திருப்பது மூன்றே சொற்கள். நன்றாக இருந்தால் "தூங்குது" என்பாள். ஆடி ஆடித் தேய்ந்திருந்தால் "களைச்சிருக்கு". மூன்றாவது சொல்லை வருஷத்துக்கு ஒரு முறைகூடச் சொல்ல மாட்டாள். மேலே வழவழவென்று இருந்து உள்ளே பற்றாமல் காற்றடைத்துக் கிடந்தால், "பொய் சொல்லுது."

ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் ஸ்கேட் மாட்டியதில்லை. ஏன் என்று கேட்டால், "சன்னல் துடைக்கிறவ கண்ணாடி மேல ஏறி நடந்து பாப்பாளா?" என்பாள். பத்து மணிக்கு ரோல்பாவின் முகப்பில் காகிதம் விரித்து, வினிகரில் ஊறிய தொத்திறைச்சியை வெங்காயத்தோடு தின்பாள். ஆகஸ்ட் வெயிலிலும் கம்பளிக் காலுறைதான். வீட்டில் யாராவது எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் துண்டு போட்டுக் கொடுத்தால் விரலால் எடுத்துத் தொட்டியில் எறிந்துவிடுவாள். "வேலை வீட்டுக்கு வரக்கூடாது."

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். எத்தனை இடத்தில் துளையிட்டுப் பார்த்தது, பனி எத்தனை மில்லிமீட்டர், மேல்பரப்பில் எவ்வளவு குளிர். கீழே இரண்டு கட்டங்கள்: ஆடத் தகுந்தது, தகாதது. அந்தத் தாள் கைக்குப் போனால்தான் நடுவர் விசில் எடுப்பார். இருபது வருஷமாக எண்களை நிரப்பியது பிளாங்கா. அடியில் ஒப்பமிட்டது தலைமைப் பொறுப்பாளர் ஹினெக். எழுத்து ஒருத்தியுடையது, கையெழுத்து இன்னொருவருடையது. லுபோஷுக்கு இது உறுத்தும். அவளுக்கு உறுத்தியதாக அவள் சொன்னதில்லை.

அந்த மார்ச்சில் ஹினெக் இடுப்பு அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் திரும்பி வரப்போவதில்லை என்பது தெரிந்திருந்தது. ஆட்டப் பருவம் முடிந்ததும் அந்த இடம் பிளாங்காவுக்குத்தான் என்று ஹாக்கிக் கழகத் தலைவர் புலீச்செக் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். கழகம் அப்போது மேல் பிரிவில் இருந்தது. அங்கேயே இருக்க வேண்டுமானால் சனிக்கிழமை மதிய ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும். எதிரணியில் மூன்று பேருக்குக் காய்ச்சல், அதில் ஒருவர் கோல்காப்பாளர். அதைவிட நல்ல நாள் அமையாது என்று பீர்க்கடை முழுக்க ஒரே பேச்சு.

வெள்ளிக்கிழமை, விருந்தாளி அணியின் பக்கத்து கோல் வலைக்கு முன்னால் பனியில் ஒரு பள்ளம் விழுந்தது, ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு. அதை மெல்லிய படலமாக, உறைய உறைய, பத்துத் தரம் ஊற்றி நிரப்ப வேண்டும். ஒரு படலத்துக்கு அரை மணி. வெளியே குழந்தைகள் வகுப்பு ஸ்கேட் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. பிளாங்கா ஒரே தரமாக ஊற்றிவிட்டாள். மேலே தோல் பிடித்து, அடியில் தண்ணீர் இறங்கி, நடுவில் காற்று நின்றுவிட்டது. புதிதாக வேலைக்கு வந்தவன்கூடச் செய்யக் கூடாத பிழை; அவசரப்படும் பழைய கைதான் அதைச் செய்யும்.

சனிக்கிழமை காலை லுபோஷ் போனபோது அவள் அந்த இடத்தில்தான் நின்றிருந்தாள். நாற்பத்தொரு வருஷமாக அவர் கட்டி வரும், கழகத்தின் பச்சைக் கழுத்துத்துணியைக் கட்டியிருந்தார். புலீச்செக்கும் வந்து பலகைமேல் முழங்கை ஊன்றிக்கொண்டார்.

"கண்ணாடி மாதிரி மின்னுதே, பிளாங்கா அம்மா. இதுல என்ன குறை?"

"மின்னுறதுதான் குறை. பொய் சொல்லுது."

இன்றைக்கு மட்டும் சமாளிக்க முடியாதா என்று அவர் கேட்டார். வெட்டி எடுத்து மறுபடி ஊற்றினால் இரவாகிவிடும் என்றாள். அப்படியானால் ஆட்டம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்குள் அந்த மூன்று பேரும் எழுந்து வந்துவிடுவார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இப்படி ஊத்தினது யாரு?" என்றார் புலீச்செக்.

"நான்தான்."

"அப்ப உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியப்போறதில்ல."

"ஸ்கேட்டுக்குத் தெரிஞ்சிரும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஹினெக்கின் நாற்காலிக்கு ஒரு பெயரைத் திங்கட்கிழமை நிர்வாகக் குழுவுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். பிறகு லுபோஷ் பக்கம் திரும்பி, நீங்களாவது தங்கைக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார்.

லுபோஷ் சொல்லத்தான் போனார். அதை அவர் இன்றுவரை மறைத்ததில்லை. பலகைக் கதவைத் திறந்து, சப்பாத்துக் காலோடு சின்னச் சின்ன அடியாக அவளிடம் போய், மெதுவாகக் கேட்டார். "வலைக்கு முன்னால கொஞ்சூண்டு இடம். ஒரு ரெண்டு மணி நேரம் தாங்காதா?"

"தாங்கும்கிறியா?"

"கேக்கத்தான் செய்யிறேன்."

"அண்ணே, அது மேல ஏறி ஒரு குதி குதி. உடையலேன்னா இப்பவே 'தகுந்தது'ன்னு போட்டுத் தரேன்."

லுபோஷின் எடை நூற்றுநான்கு கிலோ. அவர் பனியைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கூரை விளக்குகள் வரிசையாக அதற்குள் தெரிந்தன. காலைத் தூக்கி, குதிகாலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். காலிப் பெட்டியைத் தட்டியது போல இருந்தது. இரண்டடி தள்ளித் தட்டினார். அங்கே சத்தமே இல்லை. மறுபடி பழைய இடம். மறுபடி பெட்டி.

"குதிக்கலையா?"

"முழங்கால் ஒண்ணுதான் மிச்சம் இருக்கு எனக்கு."

"அங்க வர்ற பையன்களுக்கு ரெண்டும் இருக்கு. அப்படியே வீட்டுக்குப் போகட்டும்."

ரோல்பாவின் பக்கத்தில் நின்றிருந்த வேலையாட்களில் ஒருவன், "முதலாளியம்மா, அப்ப வண்டியை உள்ள விடவா வேண்டாமா?" என்று கேட்டான். இருபது வருஷமாக அவளைக் கேலிக்கு அப்படிக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

லுபோஷ் திரும்பி நடந்து வந்து புலீச்செக்கின் பக்கத்தில் நின்றார். என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். பச்சைத் துணியின் முடிச்சை நெகிழ்த்திவிட்டுக்கொண்டு லுபோஷ் சொன்னார்: "அவ பொய்ன்னு சொன்னா அது பொய்தானுங்க."

பிளாங்கா தாளைப் பலகையின் மேல்விளிம்பில் விரித்தாள். துளைகள் பன்னிரண்டு. பனி முப்பத்திரண்டு மில்லிமீட்டர். மேல்பரப்பில் உறைநிலைக்குக் கீழே ஐந்து பாகை. இரண்டாவது கட்டத்தில், தகாதது என்பதில், பெருக்கல் குறி போட்டாள். காரணம் என்று அச்சடித்த வரியில், "பத்துத் தரம் ஊற்ற வேண்டியதை நான் ஒரே தரம் ஊற்றினேன்" என்று எழுதினாள். புலீச்செக் அதைத் தலைகீழாகப் படித்து முடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைசி வரியில் பேனா எழுதவில்லை. குளிரில் மை இறுகியிருந்தது. வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். பேனாவை உள்ளங்கைக்குள் வைத்து மூடி, அதில் மூன்று தரம் ஊதினாள். பிறகு, ஹினெக்கின் பெயர் அச்சடித்திருந்த இடத்தை அடிக்காமல், அதற்குக் கீழே, பிளாங்கா ஷிமூன்கோவா என்று முழுதாக, செக் மொழியில் கடைசி எழுத்தின் மேல் வரும் சின்னக் கோட்டைக்கூட விடாமல் எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்: 9. 3. 2019.