பாமினியின் முகவரி

1. முதல் நாள்

நுவரெலியாவில் எங்கள் பிரிவின் படியேறிய முதல் நாள், பொறுப்பதிகாரியின் மேசையில் ஒரு மொனிட்டர் உட்கார்ந்திருந்தது. குறுக்கும் நெடுக்கும் வெள்ளைத் துணிப்பட்டி, நான்கு இடத்தில் சிவப்பு அரக்கு முத்திரை. முன்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் 'கணினி – 1' என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பதினொரு பிளொப்பி டிஸ்க்.

இப்போது என் பதவிக்கு டிஜிட்டல் தடயப் பரிசோதகர் என்று நீளமான பெயர் உண்டு. அன்று நியமனக் கடிதத்தில் இருந்தது கணினி உதவியாளர். போர் மறுபடி மூண்டிருந்த, இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பயங்கரவாத விசாரணைக்கென்று இருந்த பிரிவுகளுக்குத் திடீரென்று கணினி தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கொழும்பில் ஒரு வெளிநாட்டு நிபுணர் எங்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார். கைப்பற்றிய டிஸ்க்கை நேரடியாகத் தொடக் கூடாது, முதலில் அச்சு அசலாக ஒரு பிரதி எடுக்க வேண்டும், அதற்கு இன்ன கருவி வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எங்கள் பிரிவில் அந்தக் கருவி எதுவும் இல்லை. பிளொப்பியின் மூலையில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதை நகர்த்திவிட்டால் யாரும் அதில் எழுத முடியாது. எங்களிடம் இருந்த உயர் தொழில்நுட்பம் அந்தக் கட்டைதான்.

பொறுப்பதிகாரி பேசியது சிங்களம். நாங்கள் பேசுகிற தமிழில் தருகிறேன்.

"மிஸ், இதத் தொறந்து உள்ளுக்கு என்ன இருக்குனு பாருங்க."

"சேர், இது மொனிட்டர். படம் காட்டுற பெட்டி மட்டும்தான். கம்ப்யூட்டர் வேற பெட்டி. வயர் போட்டு இதோட மாட்டியிருக்கும்."

அவர் சார்ஜண்ட் குணசேனவைப் பார்த்தார். தேடுதலுக்குப் போனவர் அவர்.

"மேசைக்குக் கீழ ஒரு தகரப் பெட்டி கெடந்துச்சு சேர். ஒரே தூசி. ஏதோ கரண்ட் சாமான்னு நெனச்சு விட்டுட்டேன்."

"திரும்பப் போய் எடுத்துட்டு வரலாமே சேர்" என்றேன்.

பொறுப்பதிகாரி யோசித்தார். அவருடைய யோசனைகள் எல்லாம் கோப்பில் முடியும். "பொருள் பட்டியல்ல கம்ப்யூட்டர்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. இப்பப் போய் இன்னொரு கம்ப்யூட்டர் எடுத்தா, முன்னாடி எடுத்தது என்னன்னு கேப்பாங்க. இதுதான் கம்ப்யூட்டர். நீங்க டிஸ்க்க பாருங்க."

அந்த மொனிட்டர் கடைசிவரை கணினியாகவே இருந்தது.

2. இரண்டு கட்டங்கள்

பிளொப்பிகளின் சொந்தக்காரர் யோகநாதன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆறு வருடமாகக் கணிதம் படிப்பித்து வந்தார். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள்: யாழ்ப்பாணத்து ஆள், பள்ளிக்கூடம் விட்டதும் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிறார். அந்த நாட்களில் ஒருவரைப் பிடித்து வைக்க அவ்வளவு போதும்.

நான் சேருவதற்கு முன்பே அந்த டிஸ்க்குகளை எங்கள் அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். திரையில் வந்ததைப் பார்த்து ஆடிப்போயிருக்கிறார்கள். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து, ஆனால் ஒரு சொல்லும் ஆங்கிலமில்லை. நடுநடுவே அரைப்புள்ளி, சதுர அடைப்பு, கேள்விக்குறி. 'இரகசியக் குறியீடு' என்று அன்று மாலையே கொழும்புக்குத் தகவல் போய்விட்டது.

நான் பிரதி எடுத்து முதல் ஆவணத்தைத் திறந்தேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் வருகிற விசைகள் அவை. அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் நம்மவர்கள் அந்த எழுத்துருவில்தான் அடித்தார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இப்படித்தான் குழம்பிய ஆங்கில எழுத்தாகத் தெரியும். என் மேசை இழுப்பறையில் இருந்த பிளொப்பியிலேயே அந்த எழுத்துரு இருந்தது. தோட்டத்தில் அப்பாவுக்குக் கடிதம் அடித்துக் கொடுக்க வைத்திருந்தேன். போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

நான் போடவில்லை.

அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் தமிழ். வேலை நிரந்தரமாக இன்னும் பத்து மாதம் இருந்தது. மேலிடத்துக்கு 'குறியீடு' என்று போன ஒன்றை, சேர்ந்து நாலு நாளான தோட்டத்துப் பெண் 'சும்மா தமிழ்தான் சேர்' என்றால், அவளை என்னவென்று நினைப்பார்கள்? இந்தக் கேள்வியை எனக்குள்ளே கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். 'சிங்களத்தில் வாசிக்க முடிகிறதா?' 'ஆங்கிலத்தில் வாசிக்க முடிகிறதா?' இரண்டிலும் 'இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது கட்டம் அச்சடிக்கப்படவில்லை. நானும் கோடு போட்டுச் சேர்க்கவில்லை. எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று ஒரு திருப்தி வேறு.

அதை வாசித்த பொறுப்பதிகாரி முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா குணசேன, படிச்ச பிள்ளைக்கே வெளங்கல." மாஸ்டரின் தடுப்புக்காவல் நீடிக்கப்பட்டது. இணைப்பாக என் அறிக்கை போயிற்று.

வீட்டில் அம்மா மட்டும் நச்சரித்தாள். "ஏன்டி, பொலிஸ்ல வேலனு சொன்னா எவன்டி பொண்ணு கேட்டு வருவான்? அங்க என்னதான்டி செய்யிற?" டைப் அடிக்கிறேன் என்றேன்.

3. கையெழுத்து

எட்டு வாரம் கழித்து, டிஸ்க்குகளைக் கொழும்புக்கு அனுப்பவேண்டி வந்தது. ஒவ்வொன்றும் தன்னுடையதுதான் என்று மாஸ்டர் லேபலில் கையெழுத்துப் போட வேண்டும். சார்ஜண்ட் அன்று காலை லீவு என்பதால், மாஸ்டரைப் பூட்டி வைத்திருந்த அறைக்கு என்னை அனுப்பினார்கள்.

ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர், ஒரு பக்கம் நூலால் கட்டிய கண்ணாடி. கதவருகே கான்ஸ்டபிள் ஒருவர் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"மாஸ்டர், இதுல ஒங்க கையெழுத்து வேணுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீர் தமிழே? அப்ப நீரும் பாமினியைப் பற்றித்தான் கேக்க வந்தனீரோ?"

எனக்கு விளங்கவில்லை. "எந்தப் பாமினிங்க?"

"என்னைக் கேட்டா? அவைதான் கேக்கினம். பாமினி ஆர், எங்கை இருக்கிறா, உனக்கு என்ன முறை. முதல் நாளிலையிருந்து இதுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்க்கைத் திறந்த அன்று, திரையின் மேல்பட்டையில் எழுத்துருவின் பெயர் தெரிந்திருக்கும். ஆங்கில எழுத்துக் குப்பைக்கு நடுவில் வாசிக்கக்கூடியதாக இருந்த ஒரே சொல் அதுதான். பெண்ணின் பெயர். குறித்துக்கொண்டுவிட்டார்கள்.

"அது எழுத்துருன்னு நீங்க சொல்லலைங்களா?"

"சொன்னனான் பிள்ளை. 'பொண்ட்' எண்டு இங்கிலீசிலையும் சொன்னன். அவை 'போன்' எண்டு எழுதிச்சினம். பிறகு பாமினியின்ரை போன் நம்பரைத் தா எண்டு கேட்டவை."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. அவர் பேனாவை எடுத்தார். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பேனாவைச் செருகி, பெயரை மெதுவாகக் கீறினார். என் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஏழாவது டிஸ்க்கில் கையெழுத்துப் போடும்போது சொன்னார்: "நேற்று ஒரு விலாசம் குடுத்திட்டன்."

"யாரு விலாசங்க?"

"பாமினியின்ரை. கண்டி டவுனிலை ஒரு ஒழுங்கையைச் சொன்னன், ஒரு நம்பரும் சொன்னன். வாயிலை வந்தது. அங்கை ஆர் இருக்கினமோ தெரியாது. பாமினி எண்டு ஒரு பிள்ளை உண்மையாவே இருந்தா என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்." பேனாவை வைத்தார். "எனக்கு வேறை வழி தெரியேல்லை."

மிச்சம் நாலு டிஸ்க்குக்குக் கையெழுத்து வாங்காமலே எழுந்துவிட்டேன்.

4. ஜீப்

முற்றத்தில் கண்டிக்குப் போக ஜீப் ஸ்டார்ட் பண்ணி நின்றது. நாலு பேர் ஏறியிருந்தார்கள். ஒரு பெண் கான்ஸ்டபிளும் இருந்தார். பெண் கைதிக்காக.

நான் பொறுப்பதிகாரியின் அறைக்குள் கேட்காமலே போனேன். "சேர், ஜீப்ப நிப்பாட்டச் சொல்லுங்க. பாமினி ஆள் இல்ல. எழுத்துரு."

"என்ன உரு?"

வாயால் சொல்லிப் பயனில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. என் பிளொப்பியைக் கொண்டுவந்து அவருடைய கணினியிலேயே எழுத்துருவைப் போட்டேன். மாஸ்டரின் ஆவணத்தின் பிரதியைத் திறந்து முழுவதையும் தெரிவு செய்து, பட்டியலில் பெயரை அமுக்கினேன். குப்பை மறைந்து திரை முழுக்கத் தமிழ் வந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதன் வடிவம் அவருக்குத் தெரியும். நுவரெலியாவில் பாதிக் கடைப்பலகை தமிழ்தானே.

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தார். "வாசிங்க."

வாசித்தேன், சிங்களத்தில் சொன்னேன். பட்டிப்பொலையிலிருந்து ஒரு புகையிரதமும் நானுஓயாவிலிருந்து இன்னொரு புகையிரதமும் காலை எட்டு மணிக்கு எதிரெதிராகப் புறப்படுகின்றன. இன்ன தூரம், இன்ன வேகம். இரண்டும் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சந்திக்கும்?

பொறுப்பதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "அங்க தண்டவாளம் ஒண்ணுதானே?"

"ஆமா சேர்."

"ஒரே தண்டவாளத்துல எதிரெதிரா வந்தா சந்திக்காது மிஸ், மோதும். அந்த எடமும் நேரமும் இவனுக்கு எதுக்கு?"

"ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்கு சேர். கணக்கு."

"கணக்குன்னா ஏ, பீ னு போடுவாங்க. இவன் ஸ்டேசன் பேரே போட்டிருக்கான்."

லீவு முடிந்து அப்போதுதான் வந்திருந்த குணசேன கதவருகில் நின்றார். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார்: "சேர், எங்க மகளுக்கும் இதே கணக்குத்தான். சிங்களப் புத்தகத்துலயும் இருக்கு. போன வாரம் பூரா எங்கிட்ட கேட்டுச்சு. எனக்கு விடை வரல."

"விடை என்ன?" என்று பொறுப்பதிகாரி என்னைக் கேட்டார். சந்தேகமா, ஆசையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மூன்று பேரும் ஒரு வாக்குமூலத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். பயங்கரவாத விசாரணையில் நான் பார்த்த மிக ஒழுங்கான விசாரணை அதுதான். விடை அம்பேவலைக்குப் பக்கத்தில் வந்தது. அங்கே ஸ்டேசன் இருக்கிறது, ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும் இடம்தான் என்று குணசேன சொன்னார்.

பொறுப்பதிகாரி ஜன்னலைத் திறந்தார். "ஜீப்ப ஓஃப் பண்ணு" என்றார்.

5. சான்றிதழ்

அன்றே எல்லாப் பிரதிகளையும் வாசித்துப் பார்த்து இரண்டாவது அறிக்கை எழுதினேன். பதினொரு டிஸ்க்கிலும் இருப்பது கணிதப் பரீட்சைத் தாள்கள், பாமினி என்பது எழுத்துருவின் பெயர், முதல் அறிக்கையின் போதே இது எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டேன். மூன்று விஷயம்.

பொறுப்பதிகாரி மூன்றாவதில் விரலை வைத்தார். "இது வேணாம் மிஸ். ஒங்களுக்கும் நல்லதில்ல, எங்களுக்கும் நல்லதில்ல." எடுத்துவிட்டேன். அதை முதன்முதலாக இங்கேதான் எழுதுகிறேன்.

என் அறிக்கை கொழும்புக்குப் போய், அங்கே ஒருவருடைய மேசையில் படுத்து, எழுந்து வர இன்னும் ஏழு வாரம். குற்றப்பத்திரிகை இல்லாமல் மாஸ்டரை விட்டார்கள். மொனிட்டரையும் பிஸ்கட் டின்னையும் ஒப்படைத்தது நான்தான். கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் போனதும் சொன்னேன்: "மாஸ்டர், அது தமிழ்னு எனக்கு மொத நாளே தெரியுங்க. பயந்துக்கிட்டு எழுதலைங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பதினைஞ்சு கிழமை. பதினோராம் ஆண்டுக்குத் திரிகோணகணிதம் முழுக்க முடிச்சிருப்பன்." கந்தப்பளைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பாடசாலையில் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குக் கணித மாஸ்டரே இல்லை.

வருடக் கடைசியில் பிரிவில் ஒரு சின்ன விழா. என் பெயரைக் கூப்பிட்டார்கள். பொறுப்பதிகாரிக்கு ஒரு பாராட்டு, எனக்கு ஒரு சான்றிதழ். 'இரகசியக் குறியீடு ஒன்றை வெற்றிகரமாக உடைத்தமைக்காக' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தங்க மையில் அச்சடித்திருந்தது. தமிழில் இல்லை. மேலிடத்துக்குப் போன முதல் தகவல் பொய்யாகக் கூடாதே. குறியீடு என்றார்கள், குறியீடு இருந்தது, அதை உடைத்தும் ஆகிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. மொனிட்டரைக் கணினி என்று யாரும் சீல் வைப்பதில்லை. படிவத்தில் கட்டங்களும் கூடியிருக்கின்றன. அவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். படிவத்தில் கேட்காததும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். நீங்கள் மூடி எழுதுகிற நாலு சொல்லை வைத்துக்கொண்டு, பூட்டிய ஒரு அறைக்குள் ஒருவரைக் கேள்வி கேட்பார்கள். அந்தச் சத்தம் உங்கள் மேசைவரை கேட்காது. எனக்கும் கேட்கவில்லை.