தொப்புள்கொடி கேட்க வந்தவள்

வெர்னா பிராட் பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டுத் தொப்புள்கொடி சேகரிக்கும் வேலைக்குப் போகிறாள் என்று கேட்டதும், தொலைபேசியின் மறுமுனையில் அவள் தங்கை, "அதையெல்லாம் எங்க கொண்டுபோய் வைப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"லாய்டோட மீன் பெட்டியில" என்றாள் வெர்னா.

அது உண்மைதான். அவள் கணவன் லாய்ட், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகும்போது தூக்கிக்கொண்டு போகும் பனிப்பெட்டி அது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டு போனாள். எண்பதுகளின் கடைசியில், பர்லிங்டன் நகரத்து ஆராய்ச்சிக்கூடங்களில் அப்படித்தான் பல காரியங்கள் நடந்தன.

பேருந்தை அவள் விரும்பி விடவில்லை. வெர்மான்ட் மாநிலத்து மண்சாலைகள் அவள் இடுப்பை உலுக்கி எடுத்துவிட்டன. மருத்துவர் இனி ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று சொல்ல, சரி, பெரிய ஸ்டியரிங் பக்கம் போகவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அப்போதுதான் டாக்டர் எல்லிஸ் ஹார்வுட் ஆள் தேடிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று ஒல்லியாக, மதியச் சாப்பாட்டை வாங்கி வைத்துவிட்டு எங்கே வைத்தோம் என்று மறந்துபோகிற மனிதர். சொந்தமாகக் கார் வைத்திருக்க வேண்டும், யாரிடமும் கூசாமல் பேசத் தெரிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கியவள் வெர்னா. அவளுக்கா பேசத் தெரியாது?

ஹார்வுட்டின் தலைவலி இதுதான். இதயத்தின் ரத்த நாளத்தில் அடைப்பு வந்தால், ஒரு குட்டிப் பலூனை உள்ளே விட்டு ஊதி வழியை அகலமாக்குகிறார்கள். நோயாளி சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஆனால் மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களிலேயே அதே இடம் மறுபடி குறுகிவிடுகிறது. இது பழைய கொழுப்பு இல்லை. நாளத்தின் சுவரிலேயே தசைச் செல்கள் இருக்கின்றன. இறுகுவதும் தளர்வதும்தான் அவற்றின் பிழைப்பு. பலூன் பட்டுச் சுவர் கிழிந்ததும் அவை பிழைப்பை விட்டுவிட்டுப் பெருகத் தொடங்குகின்றன. காயத்தை மூட வருகின்றன, மூடிய பிறகும் நிற்காமல் வழியையே அடைத்துவிடுகின்றன. அவற்றை எது எழுப்புகிறது, எது அடக்கும் என்று பார்க்க ஹார்வுட்டுக்கு மனித நாளத்தின் உயிருள்ள தசை வேண்டும். இதய நாளத்தை யார் வெட்டிக் கொடுப்பார்கள்? தொப்புள்கொடிக்குள் இதே மாதிரி இரண்டு தமனிகள் இருக்கின்றன. பிரசவ வார்டில் அதைக் குப்பையில் போடுகிறார்கள்.

வெர்னாவுக்கு முதல் மாதம் அமோகமாகப் போனது. வலி லேசாக இருக்கும்போதே தாய்மார்களிடம் போய் உட்கார்ந்து, "பிள்ளைய நீங்க வச்சுக்கோங்க, கொடிய மட்டும் எனக்குக் குடுங்க" என்பாள். சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். ஒருத்தியின் கணவன் மட்டும், புருஷனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று அவன் மனைவி கேட்டதில் முகம் சுருங்கிப் போனான்.

அப்புறம்தான் விடுப்பு முடிந்து தலைமை நர்ஸ் ஓடெட் கான்யோன் திரும்பி வந்தாள்.

கனடா எல்லைப் பக்கத்துப் பிரெஞ்சுக் குடும்பம். சின்ன உருவம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நடந்தால் சத்தம் வராத வெள்ளைச் சப்பாத்து. ஊரில் பாதிப் பேரைக் காலைப் பிடித்து இழுத்து உலகத்துக்குக் கொண்டுவந்தவள் என்பதால் ஊரில் பாதிப் பேர் அவளுக்குப் பயந்தார்கள். வெர்னாவின் பெட்டியருகே குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்ன வாசன இது?"

"மீன் வாசனங்க. போன வருஷத்தோடது. நல்லாத்தான் கழுவுனேன்."

"இது பிரசவ வார்டு. சந்தை இல்ல. நீ அந்தத் துணி வண்டிகிட்டயே நில்லு. கேக்க வேண்டியத நான் கேக்குறேன்."

ஓடெட் சொன்ன சொல் தவறாமல் கேட்கத்தான் செய்தாள். உங்கள் கொடியை ஆராய்ச்சிக்காரர்கள் வெட்டிக் கூறுபோடப் போகிறார்களாம், இஷ்டமில்லை என்றால் தயங்காமல் சொல்லலாம் என்று, சவப்பெட்டி விற்க வந்தவளைப் போன்ற முகத்தோடு கேட்டாள். எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஹார்வுட் செல் வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் காய்ந்தன. வெர்னா சுடச்சுட ஆப்பிள் டோனட் வாங்கிக்கொண்டு போனாள். ஓடெட் நன்றி சொல்லி வாங்கி, பெட்டியைத் திறக்காமலே தரை துடைப்பவர்களிடம் தள்ளிவிட்டாள்.

தன்னைப் பிடிக்காத மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதே வெர்னாவுக்குப் புது அனுபவம். வீட்டுக்கு வந்து லாய்டிடம் புலம்பினாள். புல்வெட்டும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்த லாய்ட், அந்தம்மா பஸ்ஸில் ஏறியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்டான். முன் சீட்டில் உட்கார வைத்திருப்பேன் என்றாள் வெர்னா. அப்போ உட்கார வை, என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்த்தான். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

மே மாதத்தில் ஓடெட் இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், நாளத்தில் அடைப்பாம், பலூன் வைத்தார்களாம். திரும்பி வந்தபோது கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. வெண்ணெயைத் தொடுவதில்லை, கிறிஸ்துமஸுக்கு மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுடும் 'பை'கூடக் கிடையாது என்று சக நர்ஸுகளிடம் சபதம் செய்தாள். கொடி விஷயத்தில் மட்டும் அதே முகம்.

செப்டம்பரில் ஒருநாள் முற்பகல், வெர்னா வழக்கம்போல் துணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஓடெட் நடைவழியில் வந்தவள் பாதியில் நின்று, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. வெர்னா மீன் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஓடெட் அதன்மேல் உட்கார்ந்தாள். நாக்குக்கடியில் ஒரு மாத்திரை போட்டு, அது கரைந்ததும் சொன்னாள்:

"வெர்னா, உன் டாக்டர் எத ஆராயுறார்னு இன்னொரு தடவ சொல்லு."

பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பலூன் வைத்த இடம் மறுபடி அடைத்துவிட்டிருந்தது. இதய மருத்துவர் முந்தின நாள்தான் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்கள்மேல் தப்பில்லை, சுவர்தான் உள்பக்கமாக வளர்ந்துவிட்டது என்றிருக்கிறார். ஓடெட்டுக்கு அது ஆறுதலாகவே இல்லை. "வெண்ணெய விட்டேன். பன்றிக்கறியக்கூட விட்டேன். தப்பு என் மேல இருந்திருந்தா திருத்திக்கிட்டாவது இருப்பேன்" என்றாள்.

தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் பாதி தப்பாகப் போகும் என்று வெர்னாவுக்கு உறைத்தது. "நேர்ல வந்து பாருங்க. தெரு தாண்டுனா போதும்" என்றாள்.

மாடி ஏறவிடாமல், சாமான் ஏற்றும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனாள். ஹார்வுட் பதறிப்போய் நாற்காலியிலிருந்த காகிதங்களைத் தரையில் தள்ளினார். மைக்ரோஸ்கோப்பில் ஓடெட் குனிந்தாள். நீளநீளமான செல்கள், வாரிவிட்ட தலைமுடி மாதிரி, ஒரே பக்கம் சாய்ந்து நெருங்கிப் படுத்திருந்தன. அடுத்த தட்டில் ஹார்வுட் முந்தின நாள் காலையில் நடுவில் ஒரு கோடு கீறியிருந்தார். கீறலின் இரு கரையிலிருந்தும் செல்கள் புறப்பட்டு, நடுவழியில் கைகோக்கப் போகிற தூரத்தில் இருந்தன.

"யார் சொன்னா இதுங்ககிட்ட?" என்றாள் ஓடெட்.

"யாரும் சொல்லல. காயம்னு தெரிஞ்சா கிளம்பிடும். தட்டுல, ஒண்ண ஒண்ணு தொட்டதும் பெரும்பாலும் வேகம் கொறஞ்சிடுது. உங்க நெஞ்சுக்குள்ள ஏன் கொறையலன்னுதான் எனக்கு இன்னும் புரியல."

இது கொடியிலிருந்து எடுத்த தசைதானா என்று ஓடெட் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் திரும்பவும் குனிந்தாள். பிள்ளை பிறந்ததும் கொடியைக் கையில் பிடித்துப் பார்ப்பது அவள் வழக்கம். துடித்துக்கொண்டிருக்கும், துடிப்பு மெல்லக் குறையும், அப்புறம் தானாக இறுகி நின்றுவிடும். எத்தனை ஆயிரம் கொடிகள் அவள் விரல்களுக்கு நடுவில் அப்படி நின்றிருக்கும். அதை இறுக்குவது இவைதானே என்றாள். ஹார்வுட் தலையசைத்தார்.

"முட்டாப் பசங்களா" என்று ஓடெட் மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்து, வைகிற குரலில் அல்லாமல் சொன்னாள். "கட்டிடம் தீப்பிடிச்சா ஓடி வர்றவன் மாதிரில்ல வந்து நிக்கிறீங்க. போதும்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான?"

மறுநாள் முதல் வார்டில் அவள் கேட்கும் தோரணை மாறிவிட்டது. "என் நெஞ்சுல இருக்கிறதும் உங்க கொடியில இருக்கிறதும் ஒரே சாதிதாம்மா. அதுங்க புத்திய ஒரு டாக்டர் படிச்சிட்டிருக்கார்" என்பாள். மறுக்கிறவர்களை வற்புறுத்தமாட்டாள். ஆனாலும் பெட்டி நிறைந்தது. வெர்னாவைத் துணி வண்டிக்குப் பக்கத்திலிருந்து மட்டும் நகரவிடவில்லை; அது சட்டம், சட்டம் சட்டம்தான் என்றாள்.

அக்டோபரில் இரண்டாவது தடவை பலூன் வைத்தார்கள். வீட்டுக்கு வெர்னாதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். முன் சீட்டில்தான் உட்கார வைத்தாள். ஓடெட் வழியெல்லாம், பிரேக்கை ஏன் இவ்வளவு முன்னாலேயே மிதிக்கிறாய் என்று குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தக் குளிர்காலம் இருவருக்கும் லேசாக இல்லை. செல்களை அடக்கும் ஒரு மருந்து, தட்டில் நன்றாக வேலை செய்தது, எலியிலும் வேலை செய்தது. வேறு ஊர்களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா அதன்மேல் மலைபோல நம்பிக்கை வைத்திருந்தாள். அடுத்த தடவை ஓடெட்டுக்கு அதுதான் என்று மனசுக்குள் எழுதியே வைத்துவிட்டாள். ஜனவரியில் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஹார்வுட் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். எலி மனிதனில்லை என்பது தனக்கு முன்பே தெரியும் என்றும், ஆனாலும் இவ்வளவு தூரம் மனிதனில்லை என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். அவருக்குச் சூடாக சூப் வாங்கி வந்து, குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெர்னா கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

ஓடெட்டிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் ஒளிந்து திரிந்தாள். மூன்றாம் நாள் ஓடெட்டே பிடித்துவிட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, இந்த மருந்து இல்லன்னு தெரிஞ்சுதுல்ல. நாளைக்கு ரெட்டைப் பிள்ள ஒண்ணு வருது. பெட்டியில நெறைய பனி போட்டுட்டு வா" என்றாள். அன்றிலிருந்துதான் வெர்னா அவளை நீ என்று பேசத் தொடங்கினாள். ஓடெட் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் பனி உருகியது. சாலையெல்லாம் களிச்சேறு. ஓடெட்டின் தம்பி மேப்பிள் மரத்துப் பாகு காய்ச்சும் கொட்டகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் கிளம்பினார்கள். வெட்டவெளியில், யாருமில்லாத இடத்தில், காரின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. வெர்னா முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. அவள் கதவைத் திறந்து இறங்கப் போனபோது, பக்கத்துச் சீட்டில் ஓடெட் இல்லை. பின்னால் நின்று, இரண்டு கையையும் காரில் ஊன்றியிருந்தாள்.

"ஓடெட், வேணாம். அந்தாண்ட வா."

"உன் இடுப்ப வச்சுக்கிட்டு நீ தள்ளுவியா? போய் மிதி."

வெர்னா மிதித்தாள். கார் ஒருமுறை முனகி, ஆடி, துள்ளி மேலே ஏறியது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு ஓடிவந்தபோது ஓடெட் முழங்கால் வரை சேற்றில், முகமெல்லாம் தெறித்த களியோடு, மார்பில் கைவைத்து அசையாமல் நின்றிருந்தாள். காத்திருந்தாள். வெர்னாவும் பக்கத்தில் நின்று காத்திருந்தாள். வேலிக்கு அப்பால் ஒரு பசு அவர்களைப் பார்த்தது. எங்கோ உருகிய நீர் ஓடும் சத்தம்.

வலி வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நாளம் திறந்தே இருந்தது. இந்தத் தடவை ஏன் செல்கள் அடங்கின என்று கேட்டதற்கு, இதய மருத்துவர் தெரியாது என்றார். ஹார்வுட்டும் தெரியாது என்றார், ஆனால் கண் மின்ன. ஆனால் அது பிற்பாடு. அன்று களிச்சாலையில் ஓடெட் மார்பிலிருந்து கையை எடுத்து, சேற்றுக்குள் குனிந்து பார்த்தாள்.

"ஒரு சப்பாத்தக் காணோம்" என்றாள். "நில்லு, தேடிட்டு வர்றேன்."