பாட்டிலில் கண்ணீரோடு கொல்லிமலைக்கு

"ஏன் டீச்சர், உங்களுக்கு அழுகையே வராதா?"

என் கூடப்பிறந்த அண்ணன் இறந்த வீட்டில், அத்தனை பேர் நடுவில், உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. அழ வேண்டும் போலத்தான் இருந்தது, கண்கள் மணலை வைத்துத் தேய்த்தது போல எரிந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டுதான் சேலத்தில் ஒரு மருத்துவர் அந்த வறட்சிக்குப் பெயர் சொன்னார். ஷோகிரன் நோய்.

பெயரை விடுங்கள், பள்ளிக்கூடப் பாஷையில் சொல்கிறேன். ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவனைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவார். வெளியாள் வந்து கலாட்டா செய்யாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவனோ முதல் வரிசையில் ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையே பிரம்பால் விளாசுகிறான். என் உடம்பின் காவல் அப்படித்தான் கண்ணீரும் உமிழ்நீரும் சுரக்கும் இடங்களை அடித்துக் கெடுத்துவிட்டது. அவனை அடக்க மாத்திரை தருகிறார்கள். மாத்திரையில் அவன் கொஞ்சம் கண்ணயர்ந்தால் நிஜமான வெளியாள் உள்ளே புகுந்துவிடுகிறான். போன வருஷம் மட்டும் எனக்குக் கண்ணில் சீழ், வாயில் வெள்ளைப் படலம், இரண்டு முறை மூத்திரத் தாரையில் கிருமி, கடைசியாக மார்ச்சளி. இப்படி ஒவ்வொன்றாக வாசலில் வரிசை கட்டி நின்றன.

அந்த மார்ச்சளியில் படுத்திருந்தபோதுதான் கொல்லிமலையிலிருந்து தகவல் வந்தது. பெரியசாமி அண்ணன் போய்விட்டார்.

1997 முதல் மூன்று ஆண்டு நான் மலையில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அரியூர் நாட்டில் (மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) பெரியசாமி அண்ணன் வீட்டின் ஒரு பக்கத்து அறையில் குடியிருந்தேன். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்டிருந்த குடும்பம். அவர் மனைவி செல்லம்மாளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வர ஆரம்பித்தது அங்கேதான். "மலைத்தண்ணி ஒத்துக்கலை" என்றார்கள் எல்லோரும், நானும் நம்பினேன். ஒரு முறை காய்ச்சல் முற்றி நினைவு தப்பியபோது, மிளகு ஏற்றிய லாரியில் என்னைப் படுக்க வைத்து, வளைவுக்கு வளைவு என் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெரியசாமி அண்ணன். அவருக்கு நான் போகாமல் இருக்க முடியுமா?

என் வீட்டுக்காரர், "தந்தி அடிச்சிடலாம், உடம்பு தேறட்டும்" என்றார். நான் மருத்துவரிடம் கேட்டேன். மார்பு சுத்தமான பிறகு, ஒரு நாள் பயணமாகப் போய்வரலாம் என்றார். அது போதும். பிப்ரவரி 2008, ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டம் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினேன்.

நான் இருக்கும் நாமக்கல்லிலிருந்து மலைமேல் உள்ள செம்மேடு ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஆரோக்கியமானவர்களுக்கு அது ஒரு காலைப் பயணம். எனக்குக் காசிக்குப் போகிற மாதிரி. பையில் வைத்தவை: கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு பாட்டில், கண்ணுக்கு விடும் செயற்கைக் கண்ணீர் ஒன்று, பிரிக்காத இன்னொன்று, தெர்மாமீட்டர், சோப்பு, வாய்க்கும் மூக்குக்கும் கட்டும் முகமூடி, பக்கவாட்டிலும் காற்றுப் புகாத பெரிய கறுப்புக் கண்ணாடி. இவற்றை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றால் நான் வெல்டிங் பட்டறைக்குப் போகிறவள் போல இருப்பேன்.

காலை ஆறரை மணி பஸ். டிக்கெட் பதினெட்டு ரூபாய். முகமூடியில் ஒரு லாபத்தையும் சொல்லிவிடுகிறேன்: காரவள்ளி அடிவாரம் வரை என் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை. அங்கே ஏறிய ஓர் அம்மா மட்டும் வேறு இடம் இல்லாமல் வந்து உட்கார்ந்து, உடனே என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னலைத் திறந்தார். காற்று கத்தி மாதிரி வந்தது.

"கொஞ்சம் சாத்திக்கிறீங்களா? காத்து பட்டா கண்ணு எரியும்" என்றேன்.

"சாத்துனா எனக்கு வாந்தி வந்துருமுங்க. எழுவது வளைவுங்க."

இரண்டுமே நியாயம். இதற்கு நடுவர் தீர்ப்பு தேவைப்பட்டது. கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க ஜன்னலுக்குப் போங்க. டீச்சரம்மா இந்தப் பக்கம் வரட்டும். வாந்தி வெளிய, கண்ணு உள்ள. ரெண்டுக்கும் எடம் சரியாப் போச்சு."

"இந்தம்மா டீச்சருன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"டிக்கெட்டைக் குடுத்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுப் பாக்குது. வேற யாரு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. முன் இருக்கைக்காரர் திரும்பி, "கறுப்புக் கண்ணாடியக் கழட்டாதீங்க டீச்சர், கழட்டுனா பள்ளம் தெரிஞ்சிரும்" என்றார். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறிப்பு: மலை பஸ்ஸில் நடைபாதை ஓர இருக்கை, முன்பாதியில், டிரைவருக்கு நேர் பின்னால் இல்லாமல். ஏற்றத்தில் இன்ஜின் சூடு அங்கே முகத்தில் அடிக்கும்; அதுவும் கண்ணை உலர்த்தும். சோளக்காடு என்ற ஊரைத் தாண்டிச் செம்மேட்டில் இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

அங்கிருந்து ஊருக்கு ஜீப்பைத் தனியாகப் பேசினேன், போகவர இருநூறு ரூபாய். நெரிசலில் போனால் பத்து ரூபாயில் போகலாம்; ஆனால் பன்னிரண்டு பேர் இருமலையும் மடியில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஜீப் டிரைவர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எங்க மலையில இல்லாத மூலிகையா? ஒரு பூவைக் கசக்கி ரெண்டு சொட்டு விட்டா மூணே நாள்ல சரியாப் போயிருமுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நன்றி சொல்லி மறுத்தேன். காவல் தூங்கும் வகுப்பில் புது ஆளை நாமே கதவைத் திறந்து உள்ளே விடக்கூடாது.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மிளகுக்கொடி ஏறிய ஒரு பலாமரத்தடியில் இறங்கிக்கொண்டு, ஜீப்பை இரண்டு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினேன். கண்கள் திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கையைக் கழுவி, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டேன். வழிந்ததைத் துடைக்காமல் நடந்தேன். விறகுக்கட்டோடு ஓர் அம்மா என்னைக் கடந்து போனார். அவரை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

துக்கம் விசாரிக்கப் போகிற பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. உள்ளே நுழைந்ததும் வீட்டுப் பெண்கள் குரலெடுப்பார்கள். வந்தவள் உட்கார்ந்து, தோளோடு தோள் பிடித்துச் சேர்ந்து அழ வேண்டும். ஒரு மாதம் ஆனாலும், முதல் முறை வருகிறவளுக்கு அது உண்டு. உள்ளே ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள் என்பதால் முகமூடியைக் கழற்றினேன். செல்லம்மாள் அண்ணி என்னைப் பார்த்ததும், "டீச்சரு வந்துட்டீங்களே, உங்கள ஏத்தி எறக்குன மகராசன் போயிட்டாரே!" என்று குரலெடுத்தார். நான் தோளைப் பிடித்தேன். வழக்கம் போலக் கண்ணில் எரிச்சல்தான் வந்தது.

அப்போது கதவோரம் இருந்து ஒரு குரல்.

"அழுவாச்சி வல்லீன்னா சும்மா குக்கி உக்காரோணும். பாட்டல்ல கொண்டாந்து ஊத்திக்கிட்டா வருவாங்க?"

விறகுக்கட்டு அம்மா. பெரியசாமி அண்ணனின் தங்கை நல்லம்மாள் என்று அப்போதுதான் தெரிந்தது; வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவர், நான் அங்கே இருந்தபோது பார்த்ததில்லை.

"நானே என்ற கண்ணால பாத்தனுங்க. பலாமரத்துக்கிட்ட நின்னு, ரெண்டு கண்ணுலயும் ஊத்தி வழிய உட்டுக்கிட்டு வருது இந்தம்மா. எங்கண்ணன் சாவு என்ன நாடகமா?"

அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். ஜீப்பையும் அனுப்பிவிட்டேன், எழுந்து ஓடவும் வழியில்லை. ஓடினால், அந்த மனிதருக்குப் பொய் அழுகை அழுதவள் என்ற பெயரோடு ஓட வேண்டும். அதற்கா இத்தனை வளைவு ஏறி வந்தேன்? பையைத் திறந்தேன். சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்து நடுவில் தரையில் வைத்தேன்.

"எனக்குக் கண்ணீர் வராதுங்க" என்றேன்.

இத்தனை வருஷத்தில் மருத்துவர்களைத் தவிர ஒருவரிடமும் நான் சொல்லாத வாக்கியம் அது. சொன்ன பிறகு மீதி தானாக வந்தது.

"ஒரு வியாதிங்க. கூடப்பிறந்த அண்ணன் செத்ததுக்கும் வரலை. வெங்காயம் அரிஞ்சாலும் வராது. இது அழுகறதுக்கு ஊத்தறது இல்லீங்க, கண்ணைத் தெறக்கறதுக்கு. இது இல்லீன்னா பெரியசாமி அண்ணன் போட்டோவைக்கூட நான் நேராப் பாக்க முடியாது."

நல்லம்மாள் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெங்காயம் அரிஞ்சாக்கூடவா?"

"ஆமாங்க."

"சின்ன வெங்காயம்?"

"சின்ன வெங்காயமும்தான்."

செல்லம்மாள் அண்ணியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றே நினைத்தேன். சிரிப்பு.

"நல்லம்மா, வெள்ளிக்கெழம படையலுக்கு ரெண்டு படி வெங்காயம் கெடக்குது. டீச்சர உடாத, அரியறதுக்குப் புடிச்சு வெய்யி!" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குந்தான் இப்ப வரமாட்டேங்குது, கண்ணு. ஆளு வந்தா அழுவோணும், ஆளு வந்தா அழுவோணும். பத்து நாளாச் சத்தந்தான் வருது, தண்ணி வரல. வெளிய சொன்னா என்ன நெனப்பாங்க? கண்ணு மொளகாப் போட்டாப்பல எரியுது. எனக்கும் அதுல ரெண்டு சொட்டு ஊத்து."

"மாட்டேன் அண்ணி" என்றேன்.

நல்லம்மாளின் முகம் மறுபடி இறுகியது. எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். "ஒரு பாட்டில் ஒருத்தருக்குத்தான். என் கண்ணுல இருக்கற கிருமி உங்களுக்கு வரும், உங்களுது எனக்கு வரும். ஒரே சிலேட்டுக்குச்சியை ரெண்டு பிள்ளைங்க வாயில வெச்சுக் கடிச்ச மாதிரி." பிரிக்காத பாட்டிலை எடுத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி வந்து, மூடியைத் திறந்தேன். "இது உங்களுது. வேற யாரும் தொடக்கூடாது. உங்க பேத்தி கேட்டாலும் குடுக்கக்கூடாது."

"பெரிய பாடம்" என்றார் நல்லம்மாள். ஆனால் அண்ணியின் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

இரண்டு சொட்டு விட்டேன். அண்ணி கண்களை மூடினார். சொட்டு கன்னத்தில் வழிந்தது. அதன் பின்னாலேயே, கொஞ்சம் பொறுத்து, அவருடைய சொந்தக் கண்ணீர் வந்தது. இந்த முறை குரல் இல்லை. "போயிட்டாரு டீச்சரு" என்று மட்டும் சொன்னார், யாரோ ஒருவரிடம் செய்தி சொல்வது போல. நான் ஒரு தோளையும் நல்லம்மாள் ஒரு தோளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

சாப்பாடு சாமைச்சோறும் மொச்சைக்குழம்பும். எச்சில் ஊறாத வாய்க்குச் சாமை தொண்டையில் நிற்கும். குழம்பைக் கூடுதலாக ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டேன். காரம் மட்டும் வாய்ப்புண்ணைச் சுட்டது, சொல்லவில்லை. கொதித்த தண்ணீர்தான் குடிப்பேன் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். கிளம்பும் நேரத்தில் நல்லம்மாள் ஒரு சொம்பைக் கொண்டுவந்து என் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் சுடச்சுட வெந்நீர் ஊற்றினார்.

"கொதிச்சுதுங்க. நானே நின்னு பாத்தன். கொமுளி வந்துது." பிறகு, சொம்பைக் கவிழ்த்துக்கொண்டே, "இதுக்கும் எதாச்சும் சொட்டு உடோணுமா?"

"வேண்டாங்க. இதுவே போதும்."

மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். அதே எழுபது வளைவு. லாரியில் படுத்துப் போன அந்த நாளில் ஒரு வளைவுகூட எனக்கு நினைவில் இல்லை; இன்று ஒவ்வொன்றையும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாலாம் நாள் தொண்டை வலியும் கொஞ்சம் சூடும் வந்ததையும் மறைக்கக்கூடாது. மலைக்குப் போனதால்தான் என்று வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்த்தார். அன்றே மருத்துவரிடம் போனேன்; ஒரு வாரத்தில் சரியானது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்த மாதங்களிலும் கிருமி வந்துதான் இருக்கிறது. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள், கூட்டமில்லாத நாளாகப் போங்கள், உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள், காய்ச்சல் வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கண் சொட்டு இரண்டு பாட்டிலாக வைத்திருங்கள். இரண்டாவது யாருக்கு என்று போன இடத்தில்தான் தெரியும்.

கண்ணாடி, முகமூடி, சொட்டு என்று எல்லாவற்றையும் நினைவாக எடுத்துப் போன நான், சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் முன்கூட்டித் தயார் செய்யவில்லை. உங்களுக்கும் இந்த வறட்சி இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன், வீட்டில் யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "எனக்குக் கண்ணீர் வராது."