கோடு முடியும் இடம்

தம்பியோடு அவன் பிள்ளைகளுக்குக் காரைக்கால் கடற்கரையைச் சுற்றிக்காட்ட வந்தபோது ஈரவலையின் வாடை அடித்தது. என் கால்கள் தாமாகவே எங்கள் பழைய வீட்டைத் தேடின.

அப்பா கடலிலிருந்து திரும்பும்போது கலங்கரை விளக்கம் கோயில் கோபுரத்தை மறைக்கும்படி படகைத் திருப்பி, அந்தக் கோட்டைப் பிடித்தே எங்கள் வாசலுக்கு நேராக வந்து சேருவார். மீன் வாடையும் டீசல் வாடையும் அவருக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிடும்.

வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. கலங்கரை விளக்கம் இன்றும் கோபுரத்தை மறைக்கிறது. அதே கோட்டில் நடைபாதையில் நின்றாலும் மறைக்கிறது, முழங்கால் தண்ணீரில் நின்றாலும் மறைக்கிறது.

“இன்னும் எங்க போற, அக்கா? மேல வா,” என்றான் தம்பி.

எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அந்தக் கோட்டில் எங்கே நிற்பதென்று சின்ன வயதில் அப்பாவிடமே கேட்டிருக்கிறேன்.

“வீடு கண்ணுல பட்டா நின்னுட வேண்டியதுதான்” என்றார்.