என் பெயர் ஒட்டிய டின்

என் அலுமாரியில் பழைய சிகரெட் டின் ஒன்று இருக்கிறது. தோட்டத்துத் துரையின் பங்களாவில் தூக்கிப் போட்டது. அதற்குள் முடிச்சுப் போட்ட ஒரு சணல் கயிறு. மூடியில் என் பெயர். அது என்னவென்று பேத்தி கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில். சம்பள நாளில் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பா ஒதுங்கிக்கொள்வார். எங்கள் வீட்டு நிதி மந்திரி அம்மாதான். லயம் என்ற வரிசை வீடுகளில் எங்கள் அறைப் பலகையில் ஐந்து டின்கள் இருந்தன. ஜெபம் பண்ணிவிட்டு முதலில் கர்த்தருடைய தசமபாகம், பிறகு அரிசி, மண்ணெண்ணெய், துணிமணி. கடைசி டின் என்னுடையது. எனக்கு முன் பிறந்த அண்ணன் காய்ச்சலில் போய்விட்டதால் நான் ஒரே பிள்ளை. கடன் வாங்குவது கர்த்தருக்குப் பிடிக்காது என்பாள் அம்மா. கிறிஸ்மஸுக்குக்கூடக் கடையில் பற்று வைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் என் டின்னில் காசு போடாத மாதமே இல்லை. எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஒவ்வொரு பிறந்த நாளிலும் என்னைப் பாயில் நேராகப் படுக்கச் சொல்லி, தலையிலிருந்து குதிகால் வரை சணல் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு அந்த டின்னில் வைப்பாள். ஏன் நிற்க வைத்து அளக்கவில்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கூச்சத்தில் சிரித்துக்கொண்டே கிடப்பேன்.

பதினோரு வயதில் பதுளையில் ஒரு பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. சீருடையும் வெள்ளைச் சப்பாத்தும் இல்லாமல் போக முடியாது. துணி டின் காலி.

"என் டின்னுல இருக்கே, எடும்மா" என்றேன்.

"அது தொடக்கூடாத காசு" என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரமே பக்கத்து லயத்தில் ஒரு சிறுமி இறந்துபோனாள். என் வயதுதான். தச்சர் வாசலில் நின்று, "அளவு குடுங்க" என்றார். அம்மா உள்ளே போய், பாயில் கிடந்தவளைத் தலையிலிருந்து குதிகால் வரை சணல் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு ஓடி டின்னைத் திறந்து கயிற்றை எடுத்தேன். என் சவப்பெட்டிக்கு என் தாயே மாதாமாதம் காசு சேர்த்திருக்கிறாள்! அவள் வந்ததும், "நான் பொழைக்கணும்னு நீ ஜெபமே பண்ணலியாம்மா?" என்று கத்தினேன்.

"ஜெபமும் பண்ணேன், காசும் சேத்தேன்" என்றாள். "ஒங்கண்ணனுக்குப் பொட்டி செய்ய கங்காணிகிட்ட கடன் வாங்குனோம். புள்ள மண்ணுக்குள்ள போயி மூணு வருசமாச்சு அது தீர. சம்பளத்துல புடிக்கிறப்பல்லாம் அவன மறுபடி பொதைச்ச மாதிரி இருந்துச்சு."

சனிக்கிழமை அம்மா கயிற்றை அடுப்பில் போட்டாள். டின்னைக் கவிழ்த்துக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைப் பசறைக் கடைக்குக் கூட்டிப் போனாள். சப்பாத்தை என் காலில் மாட்டிவிட்டு, மிச்சக் காசை இரண்டு முறை எண்ணினாள். அந்தக் காசை எனக்காகச் செலவழிக்க அவளுக்கு அவ்வளவு பயம்.

முதல் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்தால், பலகையில் அதே டின். தூக்கிப் பார்த்தேன், காசு குலுங்கியது. ஆத்திரத்தில் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. நான் படித்து ஆசிரியையாகிச் சம்பளம் வாங்கிய பிறகும் அம்மா அதில் காசு போட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அதைத் திறக்கவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக் காலையில் அம்மா போய்விட்டாள். அதே தச்சர் வாசலில் வந்து நின்றார். அப்பா அந்த டின்னை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே பெட்டிக்கும் குழிக்கும் வேண்டிய காசு இருந்தது. புதிய கயிறு ஒன்றும் இருந்தது. என்மேல் வைத்துப் பார்த்தேன். நான் அம்மாவைவிட நல்ல உயரம். கயிறு என் மூக்கு வரைக்கும்தான் வந்தது. அம்மா தன்னையே அளந்து வைத்திருந்தாள்.

அளவு எடுத்துக்கொண்டு தச்சர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாவைப் புதைக்க நான் யாரிடமும் ஒரு சதம் கடன் வாங்கவில்லை.